மீசை நிலைக்காத மச்சான்

என் அக்காவின் வீட்டுக்காரருக்கு மீசை நிலைத்ததே இல்லை. வளராமல் இல்லை, கருகருவென்று நன்றாகத்தான் வளரும். ஏதாவது ஒரு நாள் காலையில் கொல்லைச் சுவரில் கண்ணாடியைச் சாய்த்து வைத்துக்கொண்டு கத்தரிக்கோலை எடுப்பார். வலது பக்கம் கொஞ்சம் தூக்கலாகத் தெரியும். அதில் ஒரு வெட்டு. இப்போது இடது பக்கம் தூக்கல். அதில் ஒரு வெட்டு. அக்கா கஞ்சி குடிக்கக் கூப்பிடுவதற்குள் மூக்குக்குக் கீழே ஒன்றுமே இருக்காது. முகத்தைக் கழுவிக்கொண்டு, திருடி மாட்டிக்கொண்டவர் போல வந்து உட்காருவார்.

"இந்த வாட்டியும் போச்சுங்களா மச்சான்?" என்று கேட்பேன்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணா வரலீங்க அம்மிணி," என்பார்.

அதுதான் அவர். எதற்கும் இரண்டு பக்கம் உண்டு, இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும். பேச்சில்கூட அப்படித்தான். எங்கள் பக்கத்தில் எல்லோருமே ‘ங்க’ போட்டுப் பேசுகிறவர்கள் என்றாலும் ஆள் பார்த்துத்தான் போடுவோம். மச்சான் ஆள் பார்க்கமாட்டார். ஊர்ப் பெரியவருக்கு எத்தனை ‘ங்க’வோ அத்தனை ‘ங்க’ தன் சின்ன மகளுக்கும் உண்டு. பாவு நூலைக் கடிக்க வந்த ஆட்டுக்குட்டியை "அக்கட்ட போங்க" என்று அவர் விரட்டியதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

இந்தக் குணத்தைக் கல்யாணத்திலேயே காட்டிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்கு நல்ல கூறைச் சேலை எடுப்பார்கள். பெண்ணின் தங்கைக்கு மரியாதைக்கு ஏதோ ஒன்று எடுப்பார்கள். மச்சான் தன் தறியில் தானே நெய்ததென்று இரண்டு சேலை கொண்டுவந்தார். ஒரே அரக்கு, ஒரே கரை, ஒரே முந்தானை. தட்டில் வைத்துப் பிரித்ததும் பந்தலில் கசமுசாவென்று பேச்சு. "ஏனுங்க, மாப்பிள்ளை அக்கா தங்கச்சி ரெண்டு பேரையும் சேத்துக் கட்டிக்கிறாருங்களா?" என்று ஒரு பெரியவர் வாய்விட்டே கேட்டுவிட்டார். அக்காவின் முகம் சுண்டிப்போய்விட்டது. புதுப்பெண் மாப்பிள்ளையிடம் பேசவே ஒரு வாரம் ஆனது. எனக்கென்னவோ அந்தச் சேலையின் மேல் கொள்ளை ஆசை. அடுத்த வருஷம் என் கல்யாணத்துக்கும் அதைத்தான் கட்டினேன்.

"எதுக்கு மச்சான் அப்படிப் பண்ணுனீங்க?" என்று பிறகு ஒரு நாள் கேட்டேன்.

"ஒண்ணு நெய்ஞ்சு முடிச்சப்புறம் அடுத்ததக் கம்மியா நெய்யக் கை வரலீங்க," என்றார்.

எங்கள் ஊர் ராசிபுரத்துக்கும் வெண்ணந்தூருக்கும் நடுவில். ஊரென்றால் இரண்டே தெரு. கிழக்குத் தெரு ஒன்று, மேற்குத் தெரு ஒன்று, இரண்டும் சேருமிடத்தில் மாரியாத்தா கோயில். எல்லா வீட்டிலும் தறி. நான் பிறந்தது மேற்குத் தெரு. அம்மா வீடும் அக்கா வீடும் அங்கே அடுத்தடுத்து இருந்தன. வாழ்க்கைப்பட்டது கிழக்குத் தெரு. அம்மா தன் வாசலில் நின்று உரக்கக் கூப்பிட்டால் எனக்குக் கேட்கும். ஆனாலும் நான் மூன்று வருஷமாக அந்த வாசலை நேர்வழியில் மிதித்ததில்லை.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். நோம்பியில், அதாவது மாரியாத்தா திருவிழாவில், கோயில் முன்னால் உடுக்கடித்துக் கதை பாடுவார்கள். மேடை ஒரு பக்கம்தானே பார்க்க முடியும்? ஒரு வருஷம் கிழக்கே பார்க்கும், மறு வருஷம் மேற்கே பார்க்கும். முதுகு காட்டிய தெருவுக்கு அந்த வருஷம் பாதிக் கதை காதில் விழாது. அடுத்த வருஷம் தங்கள் முறை என்று பொறுத்துக்கொள்வார்கள். நடுவில் யுத்தகாலத்தில் ஒரு வருஷம் நூலே கிடைக்காமல் தறியெல்லாம் நின்று, நோம்பியும் நின்றுபோனது. அது கிழக்குத் தெருவின் முறை. அடுத்த வருஷம் பிரச்சினை வந்தது. நின்றுபோன வருஷம் கணக்கில் சேருமா, சேராதா? சேராது, எங்கள் முறை இன்னும் பாக்கி என்றது கிழக்கு. முறை வந்தது வந்ததுதான், இப்போது எங்களுடையது என்றது மேற்கு. வாய்ச்சண்டை கைச்சண்டையாகி, கோயிலில் கம்பம் நடுவதே நின்றுவிட்டது. கம்பம் நடாவிட்டால் நோம்பி இல்லை. நோம்பி இல்லாவிட்டால் கட்டிக்கொடுத்த பெண்ணை அழைப்பதும் இல்லை. எங்கள் பக்கத்தில் நோம்பிக்கு அழைக்காமல் ஒருத்தி பிறந்த வீட்டுக்குப் போய் நின்றால், என்ன சண்டை போட்டுக்கொண்டு வந்தாய் என்றுதான் கேட்பார்கள். அதிலும் கிழக்குத் தெருவில் சண்டைக்கு முன்னால் நின்றவர் என் மாமனார். நான் எந்த முகத்தோடு போவது?

போனேன். சாயப்பட்டறைச் சந்து வழியாகக் கள்ளத்தனமாகப் போய்வந்தேன். அம்மா வாசலில் காத்திருப்பாள், நான் கொல்லைப்புறமாக வந்து நிற்பேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அந்தச் சமயத்தில்தான் மச்சான் சேலத்திலிருந்து திரும்பி வந்தார். நூல் கிடைக்காத காலத்தில் சேலத்தில் ஒரு டெண்டு கொட்டகையில் மிஷின் ஓட்டும் ஆபரேட்டராகச் சேர்ந்திருந்தார். படம் ஓட்டுவதைவிட, திரைக்குப் பின்னால் சத்தம் எப்படி வருகிறது என்பதில்தான் அவருக்குப் புத்தி போனது. கொட்டகையின் ஆம்ப்ளிபயர் ரிப்பேரானால் அதைப் பிரித்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாராம். யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களைக் குவியல் குவியலாக விற்றார்களே, அதில் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய வால்வும் கம்பியும் ஹெட்போனும் பொறுக்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். ஊருக்குப் போனவர் சேலை கொண்டுவருவார் என்று அக்கா பார்த்தாள். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வந்த மாதமே கோயில் முன்னால் பஞ்சாயத்து. இரண்டு தெருவும் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் எழுந்து, "மேடை எந்தப் பக்கம் பாத்தா என்னங்க? மைக் வெச்சு, கெழக்க ஒரு கொழா, மேக்க ஒரு கொழா கட்டிப்போட்டா ரெண்டு தெருவுக்கும் கதை ஒண்ணாக் கேக்குமுங்க. செட்டு நானே பண்ணித் தாரேன்," என்றார்.

என் மாமனார் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார். "மீசையே ரெண்டு பக்கம் ஒண்ணா வெட்டத் தெரியல. இவரு ஊருக்குச் சத்தம் பங்கு போடறாராமா."

கிழக்குத் தெரு முழுக்கச் சிரித்தது. மேற்குத் தெருவிலும் கொஞ்சம் பேர் சிரித்தார்கள். ஆனாலும் கடைசியில் ஒரு பேச்சு முடிவானது. கம்பம் நடுகிற வெள்ளிக்கிழமை பொழுது சாயச் செட்டைப் போட்டுக் காட்டவேண்டும். ஏதாவது ஒரு தெரு சரியில்லை என்று சொன்னாலும் கம்பம் நடமாட்டார்கள், அந்த வருஷமும் நோம்பி கிடையாது. நான் பெண்கள் கூட்டத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் பிறந்த வீட்டு வாசல் இந்த மீசை நிலைக்காத மனிதரின் கையில் போய் நின்றுவிட்டதே என்றிருந்தது.

செட்டு என்னவோ சீக்கிரமே பேசிவிட்டது. எங்கள் ஊருக்கு மேட்டூர்க் கரண்டு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, அக்கா வீட்டில் ஒரே ஒரு விளக்கு. விளக்கைக் கழற்றிவிட்டு அதில் செட்டை மாட்டினார். தகரத் தட்டில் வால்வுகள் ஒவ்வொன்றாகச் செவேலென்று கண் திறப்பதைப் பார்க்க எத்தனை அழகு தெரியுமா? மச்சான் மைக்கில் "அம்மிணி" என்றார். கொல்லையில் இருந்த குழாய் "அம்மிணி" என்றது. நான் கூத்தாடினேன். பிறகு பெரியவளை, அதாவது அவருடைய மூத்த மகளை, மைக்கில் பாடச் சொன்னார். மெதுவாகப் பாடும்வரை தேனாக இருந்தது. குரலை ஏற்றினாளோ இல்லையோ, கரகரவென்று தொண்டை கட்டிய சேவல் போல ஆகிவிட்டது. உடுக்கடிக் கதை பாடுகிறவர் ஏற்றிப் பாடாமல் இருப்பாரா? ஒரு வார்த்தை புரியாது.

"டிரைவர் சரியில்லீங்க," என்றார் மச்சான்.

"டிரைவரா? இதென்ன லாரிங்களா?"

அவருக்குக் கோபமே வராது. பொறுமையாக உட்கார்ந்து சொன்னார். "ரெண்டாளு ரம்பம் பாத்திருக்கீங்களா அம்மிணி? மரம் அறுக்கையில ஒருத்தர் இழுத்தா மத்தவரு விடோணும். இந்தக் கடைசியில இருக்கற பெரிய வால்வு ரெண்டும் அப்படித்தானுங்க. ஒண்ணு இழுக்கும், ஒண்ணு விடும். இதுங்க ரெண்டுக்கும் முன்னால நின்னு ‘இழு, விடு’ன்னு சொல்றதுக்கு ரெண்டு சின்ன வால்வு இருக்குது. அதுதான் டிரைவர். ரெண்டு பேருக்கும் ஒரே பலத்துல சொல்லோணும். ஒருத்தருக்குக் கத்திச் சொல்லி, ஒருத்தருக்கு முணுமுணுத்தா ரம்பம் கோணிக்கும்."

ஒரே பலத்தில் சொல்வதற்காக அவர் படாத பாடில்லை. ஒரே கம்பெனி, ஒரே நம்பர் வால்வாகப் பார்த்து இரண்டு. அவற்றுக்குக் கரண்டை அளந்து விடும் ரெசிஸ்டன்ஸ் என்று சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு சாமான் உண்டு. பெட்டியைக் கவிழ்த்து, மீட்டரில் வைத்துப் பார்த்து, ஒரே அளவுள்ளதாக இரண்டைப் பொறுக்கினார். மீட்டர் சரி என்று சொன்ன பிறகும் மனசு ஆறாமல் தட்டாரிடம் போய்த் தங்கம் நிறுக்கும் தராசில் அவற்றை எடை போட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

"எடைக்கும் இதுக்கும் என்னங்க மச்சான்?"

"ஒண்ணுமில்லீங்க. இருந்தாலும் பாத்துப்போடலாம்னு."

கம்பிகளைக்கூடப் பாவு அளக்கிற மாதிரி ஆணியில் சுற்றி ஒரே நீளமாக வெட்டினார். இவ்வளவும் செய்து கரண்டை விட்டால், அதே தொண்டை கட்டிய சேவல்.

எங்கே பிசகு என்று கண்டுபிடிக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். இரண்டு டிரைவர் வால்விலிருந்தும் வருவதை நடுவில் ஒரு முடிச்சில் சேர்ப்பது. ஒன்று தள்ளும்போது மற்றது இழுப்பதால், இரண்டும் சமபலம் என்றால் முடிச்சில் மிச்சம் எதுவும் இருக்காது. அந்த முடிச்சில் ஹெட்போனை மாட்டினால் மைக்கில் யார் கத்தினாலும் காதில் ஒன்றும் கேட்கக் கூடாது. கேட்டால் ஒரு பக்கம் எச்சு, மறு பக்கம் கம்மி.

இதில் ஒரு சங்கடம். கொட்டகை மிஷினுக்குப் பக்கத்திலேயே நின்று மச்சானுக்குக் காதில் எப்போதும் ஒரு ரீங்காரம். மெல்லிய சத்தம் அவருக்குப் பிடிபடாது. அக்காவோ ஒரு தரம் ஷாக் அடித்ததிலிருந்து அந்தப் பக்கமே வருவதில்லை. ஆகவே ஹெட்போன் என் தலைக்கு வந்தது. மத்தியானம் சாப்பாட்டுக்குத் தறிகள் நிற்கும் நேரத்தில்தான் ஊரில் நிசப்தம் இருக்கும். அந்த நேரம் பார்த்துச் சந்து வழியாக ஓடிவந்து, பட்டாளத்துக்காரர்கள் மாட்டிய அந்தக் கனத்தை மாட்டிக்கொண்டு உட்காருவேன். பெரியவள் வெளி அறையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு வாய்ப்பாடு சொல்வாள்.

"கேக்குதுங்களா அம்மிணி?"

"கேக்குதுங்க. ஏழாம் வாய்ப்பாடு தப்புத் தப்பாச் சொல்றா."

கரண்டை நிறுத்துவார். மிச்சக் கரண்டு உள்ளே தங்கியிருக்கும் என்று திருப்புளியால் ஒரு இடத்தைத் தொட்டுப் பட்டென்று பொறி பறக்கவிடுவார். அக்கா அடுப்படியில் "முருகா" என்பாள். வலது வால்வைக் கழற்றி இடதில், இடது வால்வை வலதில். திரும்பக் கரண்டு. திரும்ப வாய்ப்பாடு. எனக்குக் கேட்டது. ரெசிஸ்டன்சுகளை இடம் மாற்றிக் குங்கிலியப் புகை கிளம்ப ஈயம் வைத்தார். அப்போதும் கேட்டது. எதைத் தூக்கி எங்கே போட்டாலும் அந்த மிச்சச் சத்தம் மட்டும் போகவே இல்லை.

"சாமான் மேல தப்பில்லீங்க," என்றார் மச்சான். "எடம் மாறியும் அதேதான்னா, தப்பு எடத்துல இருக்குது." அப்படிச் சொன்னவர், அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான்.

அக்கா பிள்ளைகளைச் சாப்பிட அழைத்தாள். பெரியவளுக்கும் சின்னவளுக்கும் தட்டு வைத்தாள். அந்த வீட்டில் பிள்ளைகள் தட்டில் சோறு அளவாகத்தான் விழும், அது மச்சானின் சட்டம். அக்கா இருவருக்கும் ஒரே அளவு போட்டுவிட்டு, மச்சான் குனிந்திருப்பதைப் பார்த்துச் சின்னவள் தட்டில் இன்னொரு கை அள்ளி வைத்தாள். மச்சான் எங்கே குனிந்திருந்தாலும் இதெல்லாம் கண்ணில் பட்டுவிடும்.

"ஏனுங்க, சின்னவங்களுக்கு எச்சா வெக்கறீங்க?"

அக்காவுக்கு ஏற்கெனவே ஆத்திரம். விளக்கு இல்லை, வீடெல்லாம் புகை, நடுவீட்டில் கம்பி. கரண்டியைத் தட்டென்று வைத்தாள். "பெரியவ தன் தட்டுச் சோத்தையும் தின்னுட்டு இவ தட்டுலயும் கைய வெக்கறா. நீங்க அளந்து போட்டதோட எந்திரிச்சுப் போயிருவீங்க. இவ வவுத்துக்குப் போய்ச் சேர்றதே கம்மி. அதுக்குத்தான் ஒரு கை எச்சாப் போடறேன். நெதமும்தான் போடறேன். ரெண்டும் ஒண்ணாத்தான வளருது?"

மச்சான் நிமிர்ந்தார். பிள்ளைகளைப் பார்த்தார். செட்டைப் பார்த்தார். நான் ஹெட்போனைக் கழற்றாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகம் வெளுத்து, பிறகு சிவந்து, பிறகு ஒரு மாதிரி அழுகிறவர் போல ஆனது.

"அம்மிணி," என்றார் மெதுவாக. "மைக்கு சொல்றத மொத வால்வு நேராக் கேக்குது. ரெண்டாவது, மொத வால்வு விட்டுக்குடுத்ததத்தான் கேக்குது. அதுக்குப் போய்ச் சேர்றதே கம்மிங்க. நான் பாட்டுக்கு ரெண்டுக்கும் ஒரே அளவு போட்டுட்டு எந்திரிச்சுப் போயிருக்கறன்."

என்ன செய்யவேண்டும் என்பது புரிந்துவிட்டது. ஆனால் கை வரவேண்டுமே. ஒரே அளவுக்குப் பொறுக்கி, தங்கத் தராசில் நிறுத்த ஜோடி அது. இரண்டாவது பக்கத்து ரெசிஸ்டன்சோடு இன்னொரு குட்டி ரெசிஸ்டன்சைச் சேர்க்க ஈயத்தை எடுத்தவர், சூட்டுக்கோலைப் பிடித்தபடி அப்படியே நின்றார். கோல் ஆறிப்போனது. திரும்பக் கரியில் வைத்தார். "மச்சான், நான் வேணா கண்ணப் பொத்திக்கட்டுங்களா?" என்றேன். அக்கா சிரித்துவிட்டாள். அவரும் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

கரண்டு வந்தது. பெரியவள் வாய் நிறையச் சோற்றோடு வாய்ப்பாடு.

"கேக்குதுங்களா?"

"கேக்குதுங்க. ஆனா கொறஞ்சிருக்குது."

இன்னொரு குட்டி சேர்ந்தது. சத்தம் தெருமுனைக்குப் போய்விட்டது. இன்னொன்று சேர்ந்ததும் பெரியவள் வெண்ணந்தூரிலிருந்து பேசுவது போல இருந்தது. மச்சான் இன்னொன்று சேர்த்தார். கரண்டு விட்டார். நான் காத்திருந்தேன். ஒன்றுமில்லை. வாசல் வழியாகப் பார்த்தால் பெரியவள் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறாள், வாய் அசைகிறது, எனக்கு ஒரு துளி கேட்கவில்லை.

"கேக்கலீங்க மச்சான்."

"கம்பி கிம்பி உட்டுப்போச்சுங்களா?" அவரால் நம்ப முடியவில்லை. கடைசியாக வைத்த குட்டியை எடுத்துவிட்டுப் போட்டுப் பார்த்தார். வெண்ணந்தூர்க் குரல் திரும்ப வந்தது. திரும்ப வைத்தார். போய்விட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்து, ஹெட்போனை என் தலையிலிருந்து வாங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டார். அவருக்கு எப்படியும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. ஆனாலும் வெகுநேரம் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா செட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள், ஷாக் அடித்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக.

அதற்கப்புறம் அவரிடம் ஒரு மாற்றம் வந்தது. ஆடி மாதத்தில் பார்க்கிறேன், மூக்குக்குக் கீழே மீசை இருக்கிறது. இடது பக்கம் கொஞ்சம் இறக்கம். "என்ன மச்சான், கத்தரிக்கோல் தொலஞ்சுபோச்சுங்களா?" என்றேன். "அந்தப் பக்கம் வர்றதே கம்மிங்க, உடுங்க," என்றார். ஆனால் ‘ங்க’ மட்டும் கடைசிவரை எல்லோருக்கும் ஒரே அளவுதான். அதில் யார் சொல்லியும் குறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமையை இன்னும் சொல்லவில்லையே. பொழுது சாயும் நேரம். கோயில் முன்னால் நட்ட மூங்கிலில் கிழக்கே ஒரு குழாய், மேற்கே ஒரு குழாய். இரண்டின் உயரத்தையும் கயிறு பிடித்து அளந்துவிட்டுத்தான் இரண்டு தெருக்காரர்களும் அவரவர் தெருவுக்குப் போனார்கள். பக்கத்து ஊர் உடுக்கடிக்காரர் மைக்கின் முன்னால் உட்கார்ந்து உடுக்கையைச் சூடு காட்டினார். மச்சான் மூங்கிலுக்கு அடியில் செட்டோடு உட்கார்ந்திருந்தார். நான் கிழக்குத் தெருக் கோடியில், மாமியாருக்குப் பின்னால்.

உடுக்கை அதிர்ந்தது. உடுக்கடிக்காரர் குரலை ஏற்றினார். ஏற்றினார், ஏற்றிக்கொண்டே போனார், ஒரு கரகரப்பு இல்லை. வார்த்தை ஒவ்வொன்றும் தெருக்கோடிவரை முழுசாக வந்து விழுந்தது. தெருவே வாயைப் பிளந்தது. என் கையை நானே கிள்ளிக்கொண்டேன். பாட்டு ஓர் இடத்தில் நின்றதும் என் மாமனார் விறுவிறுவென்று கோயிலுக்கு நடந்தார். நாங்களும் பின்னால் போனோம். மேற்கிலிருந்தும் பெரியவர்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

"கேக்குது. ஆனா மேக்கத்தான் எச்சாக் கேக்குது," என்றார் மாமனார்.

"யாரு சொன்னா? கெழக்கத்தான் எச்சு. எங்களுக்குக் கம்மி," என்றார் மேற்குத் தெருப் பெரியவர்.

குரல்கள் தடித்தன. மூன்று வருஷத்துக்கு முந்தைய வார்த்தைகளெல்லாம் திரும்ப வெளியே வந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. டிரைவருக்கு ஒரு கை எச்சாகப் போட்டாயிற்று, இவர்களுக்கு யார் எதைப் போடுவது?

மச்சான் எழுந்து நின்று கைகளைக் கட்டிக்கொண்டார். "இருங்க. ரெண்டு பேரும் மத்தவங்களுக்கு எச்சுங்கறீங்க. வால்வுல தப்பா, எடத்துல தப்பான்னு பாக்கோணும்னா நாங்க மாத்திப் போட்டுப் பாப்பமுங்க. கெழக்குத் தெருக்காரங்க அத்தனை பேரும் மேக்குத் தெருவுல போயி நின்னு கேளுங்க. மேக்கத்தியாரு கெழக்க போங்க. எங்க எச்சுன்னு அப்பச் சொல்லுங்க. நான் அந்தப் பக்கத்தைக் கொறச்சுத் தாரேன்."

எதிராளியைக் கையும் களவுமாகப் பிடிக்கும் ஆசை யாருக்குத்தான் இல்லை? "போலாம், வாங்கடா," என்றார் மாமனார். கிழக்குத் தெரு முழுக்க அவருக்குப் பின்னால் புறப்பட்டது. மேற்குத் தெருக்காரர்களும் எங்களைத் தாண்டிக்கொண்டு கிழக்கே போனார்கள். வழியில் தோளும் தோளும் இடித்தன. யாரும் யாரையும் பார்க்கவில்லை. நான் மட்டும் நகராமல் மூங்கிலுக்கு அடியில் மச்சான் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

திரும்ப உடுக்கை. உடுக்கடிக்காரருக்கு மைக் பிடித்துப்போய்விட்டது போலிருக்கிறது. சோதனைக்குக் கொஞ்சம் பாடச் சொன்னால், கதையையே முதலிலிருந்து எடுத்துவிட்டார். பிறப்பு முடிந்தது, வளர்ப்பு முடிந்தது. ஒருவர்கூடத் தீர்ப்புச் சொல்லத் திரும்பி வரவில்லை. இரண்டு குழாய்க்கும் முதுகுப்பக்கம் இருந்ததால் மச்சானுக்குச் சரியாகக் காதில் விழவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு தவித்தார்.

"அம்மிணி, போயிக் கேட்டுட்டு வாங்க. எச்சா கம்மியான்னு."

ஓடினேன். சந்து வழியாக இல்லை, நடுத்தெருவிலேயே ஓடினேன். மேற்குத் தெருவில் நின்று கேட்க வந்தவர்கள் எல்லோரும் எப்போதோ உட்கார்ந்திருந்தார்கள். யார் யார் வீட்டுப் பாயோ. அக்காவும் அம்மாவும் கிழக்கே போகாமல் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்; அக்கா சொம்பில் மோர் எடுத்துக்கொண்டு வரிசையாக ஊற்றிக்கொண்டு போனாள். என் மாமனார் எங்கே என்று தேடினால், என் அம்மாவின் வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, மச்சான் கேக்கச் சொன்னாருங்க. இங்க எச்சுங்களா, கம்மிங்களா?"

அவர் கண்ணைத் திறக்காமலே கையைக் காட்டினார். "சும்மாரு அம்மிணி. கதை நல்ல எடத்துல இருக்குது."

திரும்பப் போய் மச்சானிடம் சொல்லவேண்டும் என்று நான் அடி எடுத்து வைத்தேன். அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று வருஷமாக வாசலில் காத்திருந்தவள், இப்போது என்னைக் கூப்பிட வாயெடுக்காமல் என் மாமனாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அதைக் கவனித்துவிட்டார் போல. கண்ணைத் திறந்தார். நின்றுகொண்டிருந்த என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அங்க நின்னுட்டு என்ன பண்றே? கம்பம் நட்டாலும் நடாட்டியும் உங்கம்மா ஊடு இதுதான அம்மிணி," என்று சற்றே தள்ளி உட்கார்ந்து எனக்கு வழிவிட்டார். "உள்ள போ சாமி."